கேட்ட தகுதியும் கேளாத தகுதியும்: டாக்டர் ஜாகிர் உசேன்

கூடலூரிலிருந்து நிலம்பூர் செல்லும் சாலை, நீலகிரியை விட்டுச் சுரமாகக் கீழிறங்கத் தொடங்கும் இடத்தில் நாடுகாணி அமைந்துள்ளது. கீழே விரிந்து கிடக்கும் நாட்டைக் காட்டி நிற்கும் அவ்வூருக்குப் பெயர் பொருத்தமே. அவ்வூரார் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சாவடிக்குச் செல்வதில்லை. கூடலூர்ச் சட்டமன்ற உறுப்பினரும் நீலகிரி மக்களவை உறுப்பினருமே அவர்கள் பொருட்டு வாக்களிக்கின்றனர். 1971 ஆம் ஆண்டு மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு, தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176 எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இங்ஙனம் தேர்ந்தெடுக்கப்படுபவரிடம் அரசியல் சட்டத்தின் 58 ஆம் பிரிவு கேட்கும் தகுதிகள் மிகச் சிலவே. இந்தியக் குடிமகனாதல், 35 வயது நிறைதல், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதி பெற்றிருத்தல், அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகியாதிருத்தல் ஆகியனவே அவை. அமெரிக்காவைப் போலப் பிறப்பால் குடிமகனாயிருத்தல் வேண்டும் என்னும் விதியும் ஈண்டில்லை. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, கூடலூர், பந்தலூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்து இந்தியக் குடியுரிமை பெற்ற தொழிலாளருக்கும் இக்கதவு திறந்தே உள்ளது. சட்டம் கேளாத தகுதிகள் பலவற்றையும் உடன்கொண்டு அக்கதவில் நுழைந்தவர், நம் மூன்றாம் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன்.

1897 பிப்ரவரி 8 ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்த அன்னார், பத்து வயதில் தந்தையை இழந்தார். சில ஆண்டுகளில் பிளேக் நோய் தாயையும் கொண்டுசென்றது. அலிகாரில் பயின்றுகொண்டிருந்தபோது, 1920 இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று, அரசு உதவி பெற்ற அக்கல்லூரியைத் துறந்தார். அவ்வாண்டு அக்டோபர் 29 இல் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் தொடக்கப் பணியாளருள் அவரும் ஒருவர். பின்னர்ப் பெர்லின் சென்று பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஜாமியா மூடப்படும் நிலையில் உள்ளதென்ற செய்தி அங்கு எட்டியபோது, தாமும் நண்பர் இருவரும் திரும்பி வந்து அதற்கே உழைப்பதாக உறுதியளித்தார். 1926 இல் அதன் துணைவேந்தரானபோது அவருக்கு வயது 29 தான்! நாட்டின் தலைமைக்குச் சட்டம் கேட்கும் வயதும் நிறையாத இளைஞர், வறுமையில் வாடிய ஒரு நிறுவனத்தை 22 ஆண்டுகள் சுமந்தார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் இருபதாண்டுகள் பணிபுரிவோம் என ஆசிரியர்கள் உறுதி பூண்டனர். அவர்களுக்கு முன்நின்றவர் அவரே. பதவிக்குரிய பயிற்சி அவருக்கு அங்கேயே கிட்டியது என்பது நம் கருத்து.

1947 ஆகஸ்டில் ஜலந்தர் ரயில் நிலையத்தில் வன்முறைக் கூட்டத்திடம் சிக்கி, ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியாலும் ஓர் இந்து ரயில்வே அலுவலராலும் உயிர் தப்பினார். மறு ஆண்டே, பிரிவினையால் நிலைகுலைந்திருந்த அலிகார்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத் தலைவர் ஆகிய பதவிகள் பின்னர் வந்தன.

1967 தேர்தலில் அவரை எதிர்த்தவர் சுப்பா ராவ். தலைமை நீதிபதி பதவி ஆதாயம் தரும் பதவியாதலின், அதனைத் துறந்தே அவர் போட்டியிட்டார். துணைத் தலைவர் பதவிக்கு அச்சட்டமே விலக்களித்திருந்தமையால் ஜாகிர் உசேன் விலக வேண்டியிருக்கவில்லை. முஸ்லிம் ஒருவரை நாடு ஏற்குமா என்ற ஐயம் அந்நாளில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 4,71,244 வாக்கு மதிப்பு அவருக்கும், 3,63,971 எதிர்த்தவருக்கும் கிட்டின. வேட்பாளர் பதினெழுவருள் ஒன்பதின்மர் ஒரு வாக்கும் பெறவில்லை! முன்மொழிவோர் பலர் வேண்டுமென்ற விதி 1974 இல்தான் வந்தது.

வென்றபின் சிருங்கேரி சங்கராச்சாரியாரையும் சமண முனிவர் சுசீல் குமாரையும் சந்தித்து ஆசி பெற்றமை, நம் சமுதாயத்தார் சிலரை வருந்தச் செய்தது. அவ்வருத்தத்தை நாம் எள்ளி ஒதுக்கவில்லை. ஆயினும் அரசியல் சட்டத்தைப் பேணிக் காப்பதாகவும், இந்திய மக்கள் அனைவரின் நலனுக்கும் உழைப்பதாகவும் உறுதிமொழி ஏற்கவேண்டியவர், தம்மை ஐயுற்றோரின் வாயிலுக்கும் தாமே சென்றார் என்றே நாம் கொள்கிறோம். அவரது மார்க்கப் பற்று இதனால் குறைந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

பதவியேற்று இரண்டாண்டு நிறையப் பத்து நாட்கள் இருந்தபோது, 1969 மே 3 ஆம் நாள் மாரடைப்பால் வஃபாத்தானார். பதவியிலிருக்கும்போதே மறைந்த முதல் குடியரசுத் தலைவர் அவரே. துணைத் தலைவர் வி. வி. கிரி பொறுப்பேற்றார். அவரும் விலகினால் யார் என்ற வினாவிற்கு அதுவரை சட்டத்தில் விடையில்லை. அம்மாதமே நாடாளுமன்றம் சட்டமியற்றி, உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியை அடுத்த நிலையில் வைத்தது. தேர்தலில் நிற்பதற்காகக் கிரி ஜூலையில் விலகவே, தலைமை நீதிபதி இதயத்துல்லா ஆகஸ்ட் 24 வரை அப்பொறுப்பை வகித்தார்.

ஜாகிர் உசேனின் ஜனாஸா, அவர் 22 ஆண்டுகள் சுமந்த ஜாமியாவின் வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.