விரல்நுனியில் விடிந்த எழுத்து

நுழையும்முன்

எழுத்தைக் கண்ணெனப் போற்றியது தமிழ்மரபு. கண்ணொளி இல்லாதவர்க்கு எழுத்தாகிய கண்ணை எவ்வாறு வழங்குவது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. விடைகாண முயன்றோருள் பெரும்பாலோர் பார்வையுடையோர், நல்லுள்ளம் படைத்தோர். ஆயினும், தம்மைப் போன்றோர்க்கு எது வேண்டும் என்பதைத் தம் விரல்நுனியாலேயே ஆராய்ந்து கண்டவர் பார்வையற்ற இளைஞர் ஒருவர். அவரே லூயி பிரெயில்.

சேணப் பட்டறையில் நேர்ந்த துயர்

பிரான்சு நாட்டில், பாரிசு மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் கூப்வ்ரே. அவ்வூரில் 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். தந்தை சீமோன் ரெனே குதிரைகளுக்குரிய சேணமும் வார்களும் தைக்கும் தொழிலாளர், தாய் மோனிக்.

தந்தையின் பட்டறையே குழந்தையின் விளையாட்டுக் களமாயிற்று. மூன்று வயதில் ஒருநாள், தோலில் துளையிடும் குத்தூசியை எடுத்து விளையாடியபோது, அது நழுவிக் கண்ணில் பாய்ந்தது. நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்துகள் அறியப்படாத காலம் அது. ஒரு கண்ணில் தோன்றிய அழற்சி மறுகண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன.

அக்காலத்தில் ஏழைக் குடும்பத்தில் பார்வையிழந்தவர்க்குப் பெரும்பாலும் எஞ்சியது இரந்துண்ணும் வாழ்வே. லூயியின் பெற்றோர் அவ்விதிக்கு உடன்படவில்லை. ஊர்ப் பாதிரியாரின் துணையுடன், பார்வையுள்ள பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கே மகனை அனுப்பினர். செவியால் கேட்டதை நினைவில் நிறுத்திப் பயின்ற அவர், வகுப்பில் சிறந்து விளங்கினார். ஆனால், நூலைக் கையில் எடுத்துத் தாமே படிக்கும் பேறு மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

கண்ணுக்கென வார்த்த எழுத்துகள்

பாரிசில் அப்போது பார்வையற்ற இளைஞர்க்கென ஒரு பள்ளி இருந்தது. அதை 1785இல் தோற்றுவித்தவர் வாலன்டைன் ஆவுயி என்னும் அறிஞர். 1771இல் பாரிசுச் சந்தையொன்றில் பார்வையற்றோருக்குக் கோமாளி உடை அணிவித்து, இசைக்கருவிகளைக் கொடுத்து, மக்கள் கைகொட்டிச் சிரித்த காட்சி அவர் உள்ளத்தைச் சுட்டது. நகைப்புக்கு உரியவர்களாக நடத்தப்பட்டோரைக் கல்விக்கு உரியவர்களாக உயர்த்த அவர் உறுதிபூண்டார். அவர் நிறுவிய பள்ளியில் 1819ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பத்து வயதுச் சிறுவராக லூயி சேர்ந்தார்.

பள்ளிக் கட்டடம் பழமையானது. ஈரம் கசியும் சுவர்களைக் கொண்டது. ஆயினும் அங்கு நூல்கள் இருந்தன. தடித்த தாளில் வழக்கமான அச்செழுத்துகளையே புடைப்பாக எழுப்பி ஆவுயி உருவாக்கிய நூல்கள் அவை. ஒவ்வோர் எழுத்தின் கோட்டையும் வளைவையும் விரலால் வருடி அறிய வேண்டியிருந்தது. சொல்லின் இறுதியைத் தொடுவதற்குள் அதன் முதல் நினைவிலிருந்து நழுவிவிடும். நூல்களோ பேரளவின, பெருஞ்செலவின, எண்ணிக்கையிலும் மிகச் சிலவே.

இவற்றினும் பெரிய குறை ஒன்று இருந்தது. அவ்வெழுத்துகளை மாணவர் படிக்கலாமேயன்றித் தம் கையால் எளிதில் எழுத இயலாது. பிறர் ஆக்கித் தருவதைப் பெறலாம். தம் எண்ணத்தைப் பதிவு செய்ய முடியாது. கண்ணுக்கென அமைந்த வடிவத்தை விரலுக்குக் கொடுத்ததே அக்குறையின் வேர்.

பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு

1821இல் சார்லசு பார்பியே என்னும் முன்னாள் படைத்தலைவர், தாம் வகுத்த எழுத்துமுறையை அப்பள்ளிக்கு அறிமுகம் செய்தார். கோடுகளை முற்றிலும் விலக்கிப் புள்ளிகளை மட்டுமே பயன்படுத்தியது அம்முறை. வளைவைக் காட்டிலும் புள்ளியை விரல் விரைந்து உணர்கிறது என்னும் உண்மை மாணவர்க்குப் புலப்பட்டது.

எனினும் அம்முறையிலும் இடர்ப்பாடுகள் இருந்தன. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. ஒரு விரல்நுனிக்குள் அவை அடங்கவில்லை. அது எழுத்துகளைக் குறிக்காமல் ஒலிகளையே குறித்தது. ஆதலால் சொற்களைப் பிழையின்றி எழுத்துக்கூட்டிக் கற்க வழியில்லை. நிறுத்தக்குறிகளுக்கும் எண்களுக்கும் இசைக்கும் அதில் இடமில்லை.

பன்னிரண்டு வயது லூயி அக்குறைகளைக் களையும் பணியில் இறங்கினார். பாடங்கள் முடிந்த பின்னரும் விடுமுறை நாள்களிலும் தாளில் புள்ளி குத்தித் தடவிப் பார்ப்பதே அவருக்கு வேலையாயிற்று. 1824இல், பதினைந்தாம் வயதில், அவர் தம் முறையின் அடிப்படையை வகுத்து முடித்தார்.

புள்ளிகள் ஆறு, நெடுக்கில் மும்மூன்றாக இரண்டு வரிசைகள். ஓர் எழுத்து முழுவதையும் விரல்நுனி ஒரே தொடுகையில் உணர்ந்துவிடும். ஆறு புள்ளிகளை வெவ்வேறாக இணைத்தால் 63 குறிகள் கிடைக்கும். முதற்பத்து எழுத்துகளை மேலுள்ள நான்கு புள்ளிகளால் அமைத்தார். அவற்றோடு கீழே இடப்பக்கப் புள்ளியைச் சேர்த்து அடுத்த பத்தை அமைத்தார். ஆகவே முதற்பத்தைக் கற்றவர்க்கு அடுத்த பத்து எளிதாயிற்று. இசைக்கும் அதே புள்ளிகள் குறிகளாயின.

இம்முறையில் எழுதுவதற்கு வேண்டுவன தடித்த தாள், கட்டங்கள் கொண்ட சட்டம், கூர்முனை எழுத்தாணி ஆகியவையே. தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பட்டறையில் கண்ணைப் பறித்த குத்தூசியின் இனத்தைச் சேர்ந்ததே அவர் கையில் எழுத்தாணியாக அமர்ந்தது.

1829இல் தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலே புடைப்பு அச்செழுத்தில்தான் அச்சாயிற்று. புதிய எழுத்தைப் பழைய எழுத்தின் வாயிலாகவே அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. திருத்திய பதிப்பு 1837இல் வெளிவந்தது.

ஆசிரியர் பணியும் தடையும்

தாம் பயின்ற பள்ளியிலேயே துணையாசிரியராகி, 1833இல் ஆசிரியராக உயர்ந்தார் பிரெயில். பாரிசுத் தேவாலயத்தில் இசைக்கருவி மீட்டும் பணியையும் ஏற்றிருந்தார். பார்வையற்றோர் தமக்குள் எழுதிக்கொள்ள வழிகண்ட அவர், பார்வையுடையோர்க்கும் அவர்கள் மடல் எழுத வேண்டுமென விரும்பினார். அதன்பொருட்டு, வழக்கமான எழுத்து வடிவங்களைப் புள்ளிகளால் வரையும் முறையொன்றை 1839இல் வெளியிட்டார். அதை விரைவாக எழுதுதற்கேற்ற பொறியைப் பியேர் ஃபூக்கோ என்பவர் உருவாக்கினார். அவரும் பார்வையற்றவரே.

மாணவர் விரும்பி ஏற்ற புள்ளியெழுத்தை அதிகாரத்தில் இருந்தோர் எளிதில் ஏற்கவில்லை. பார்வையற்றோர்க்குத் தனியெழுத்து இருந்தால் அவர்கள் சமூகத்திலிருந்து பிரிந்துவிடுவர் என்பது பார்வையுடையோர் கூறிய காரணம். தம்மால் கண்டு படிக்க இயலாத எழுத்தை அவர்கள் ஐயுற்றனர். 1840இல் பொறுப்பேற்ற புதிய தலைவர் வேறொரு புடைப்பெழுத்து முறையைப் புகுத்தி, புள்ளியெழுத்தை வகுப்பறையிலிருந்து விலக்கினார். ஆனால் மாணவர் அதைக் கைவிடவில்லை, மறைவாகக் குறிப்பெழுதினர், தமக்குள் பரிமாறினர். பயன்பட்ட எழுத்தை ஆணையால் அழிக்க முடியவில்லை.

துணைத்தலைவர் ழோசப் குவாதே அம்முறையின் மேன்மையை உணர்ந்து தலைவரின் மனத்தையும் மாற்றினார். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், அவையோர் முன்னிலையில் புள்ளியெழுத்து செயல்முறையாக விளக்கிக் காட்டப்பட்டது. பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கிடைத்த ஒப்புதல் அது.

மறைவுக்குப் பின் வந்த மாண்பு

காசநோய் பிரெயிலின் உடலை நெடுநாள் வாட்டியது. 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 43 வயது நிறைந்த இரண்டாம் நாளில், அவர் காலமானார். அவரது முறையைப் பிரான்சு முறைப்படி ஏற்றது 1854இல்தான்.

இங்கிலாந்தில் அம்முறை வேரூன்றிய வரலாறு சிந்திக்கத்தக்கது. அங்குப் பல புடைப்பெழுத்து முறைகள் போட்டியிட்டன. பார்வையிழந்த மருத்துவரான தாமசு ஆர்மிட்டேசு 1868இல் ஒரு குழு அமைத்தார். எம்முறை சிறந்தது என்று முடிவு செய்யும் பொறுப்பு விரலால் படிப்போர்க்கே உரியது என்பது அக்குழுவின் கொள்கை. அவர்கள் ஆராய்ந்து தேர்ந்தது பிரெயிலின் முறையையே. 1878இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடும் அதற்கே ஆதரவளித்தது.

மறைந்து நூறாண்டு நிறைந்த 1952இல், பிரெயிலின் உடல் பாரிசில் சான்றோர் துயிலும் பாந்தியன் மண்டபத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆயினும், புள்ளிகளைத் தேடிக் கண்ட அவருடைய கைகளைக் கூப்வ்ரே மக்கள் தம் ஊரிலேயே வைத்துப் போற்றுகின்றனர்.

தமிழிலும் ஆறு புள்ளிகள்

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது. தமிழின் அகரத்திற்கு இடப்பக்கத்தின் முதற்புள்ளி ஒன்றே குறி. ககரத்திற்கு இடப்பக்கத்தின் மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் சேர்ந்து குறியாகின்றன. ககரக் குறியை அடுத்து இகரக் குறியை இட்டால் அது 'கி' ஆகிறது. பிரெயிலின் இருநூறாம் பிறந்தநாளையொட்டி 2009இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த நாணயம் வெளியிட்டது. 2019 முதல் சனவரி 4ஆம் நாள் உலக பிரெயில் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்று திரையிலுள்ள சொற்களை ஒலியாக்கிக் கேட்பிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றைப் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும் கருவிகளும் உள்ளன. கேட்டல் அறிவைத் தரும். ஆயினும் ஒரு சொல்லின் எழுத்துகளைத் தொட்டறியவும், ஒரு கணக்கின் படிகளை மீண்டும் மீண்டும் தடவிப் பார்க்கவும், தன் கையால் எழுதியதைத் தானே படித்துத் திருத்தவும் புள்ளிகள் வேண்டும்.

ஆவுயியின் இரக்கம் பள்ளியின் வாயிலைத் திறந்தது. அவ்வாயில் இன்றேல் பிரெயில் இல்லை. ஆனால் உள்ளே நுழைந்தவர் எழுதத் தொடங்கியது, அவருடைய விரல் அறிந்ததை உலகம் செவிமடுத்த பின்னரே. ஆதலின், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ முனைவோர் அவர்களுக்காகச் சிந்திப்பதோடு நின்றுவிடலாகாது. அவர்களிடம் கேட்டு, அவர்களோடு சேர்ந்து செய்தல் வேண்டும். நம் வகுப்பறையில், நம் பள்ளி நூலகத்தில், நம் தேர்வுக்கூடத்தில் அந்தப் பணியை நாமும் தொடங்கலாம்.