நெல்லிக்கனி தெரியும்... அதியமானின் கள் விருந்து தெரியுமா?

பிரான்ஸின் போர்தோ பகுதியில் கபர்நே சாவிஞோன், மெர்லோ எனப் பல திராட்சை ரகங்களைக் கலந்து சிவப்பு ஒயின் தயாரிக்கிறார்கள். கூட ஆட்டுக்கறி இருந்தால் பொருத்தம் என்பார்கள். கறியில் உள்ள புரதமும் கொழுப்பும் ஒயினின் துவர்ப்பைத் தணிப்பதுதான் காரணம். எந்த மதுவோடு எதைச் சாப்பிடுவது என்கிற இந்த ரசனை நம்ம ஊருக்கும் புதுசு இல்லை. இன்றைய தருமபுரியான தகடூரை ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் விருந்தே அதற்குச் சாட்சி.

யார் இந்த அஞ்சி?

அதியமான்னு சொன்னதும் பள்ளிப் பாடத்து நெல்லிக்கனிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், வாழ்நாளில் பெரும்பகுதியைப் போரில் கழித்தவன் அவன். கோவலூரை வென்றவன். காஞ்சித் தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பியவன். திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-ல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டில், துறவிகளுக்குக் குகை கொடுத்தவனாக அவன் பெயர் இருக்கிறது. அசோகரின் கல்வெட்டுகள் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் குழப்பமும் அந்த ஒற்றை வரியால்தான் தீர்ந்தது.

ஔவையார் அவனைப் பற்றிப் பாடிய இருபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. எல்லாமே புகழ்ச்சி கிடையாது. ஒருமுறை பரிசு தரத் தாமதம் செய்தான். வேறு எங்கே போனாலும் சோறு கிடைக்கும் என்று வாயிற்காவலனிடம் பொரிந்து தள்ளிவிட்டார் ஔவை! அந்த உரிமை அவருக்கு இருந்தது.

விருந்தில் அவன் வழக்கமே தனி. கள் கொஞ்சம்தான் கிடைத்தது என்றால் முழுவதையும் ஔவைக்கே கொடுத்துவிடுவான். நிறைய இருந்தால் அவர் குடித்துவிட்டுப் பாட, மிச்சத்தைத் தான் குடித்து மகிழ்வான். சோறு குறைவாக இருந்தாலும் பல பேரோடு பகிர்ந்துதான் சாப்பாடு. எலும்போடு கூடிய கறித்துண்டுகள் பாடுபவர்களுக்கு. அம்பும் வேலும் பாயும் இடம் மட்டும் தனக்கு.

அவன் மகன் பொகுட்டெழினியின் வீட்டிலும் அதே கவனிப்பு. நாள்பட்டு, தேள் கொட்டியது போலக் கடுத்த கள்ளைப் பொன் கலத்தில் ஊற்றி, உணவோடு முறைப்படி தந்ததாக ஔவை பாடுகிறார். மூங்கில் குழாயில் ஊற வைப்பது, மண்ணில் புதைத்துப் பக்குவப்படுத்துவது, நாரால் வடிகட்டித் தெளிய வைப்பது என அந்தக் காலத்துக்குப் பல நுட்பங்கள் தெரியும். கலவையும் உண்டு: பனங்குரும்பை நீர், கரும்புச்சாறு, இளநீர் மூன்றையும் சேர்த்த முந்நீர் பற்றிப் புறநானூறு பேசுகிறது. அந்தக் கரும்பைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தவர்களே அதியமானின் முன்னோர் என்கிறது இன்னொரு பாடல். இன்றும் பாலக்கோட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கள்ளுக்குத்தான் 1987 முதல் தமிழ்நாட்டில் தடை.

வெளிநாட்டு ஒயினும் அப்போதே வந்திருக்கிறது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடித்ததைப் பாடல் சொல்கிறது. அத்தகைய மதுச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டில் கிடைத்தன. அஞ்சியின் பாடல்களில் நாம் பார்ப்பது உள்ளூர்க் கள்தான்.

தகடூரைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து அழித்தான். அஞ்சியின் மார்பில் வேல் பாய்ந்தது. அது பாணர்களின் பாத்திரங்களையும் துளைத்துக்கொண்டு போனது என்று அழுதார் ஔவை. அவனுக்கு நடுகல் நட்டு, மயில் பீலி சூட்டி, சிறிய கலத்தில் வடிகட்டிய கள்ளை ஊற்றினார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்பது அவரது கேள்வி.

பிற்காலத்தில் தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் நடப்பட்ட நடுகற்கள் பலவற்றில், வீரனின் காலருகே ஒரு கெண்டி செதுக்கப்பட்டிருக்கிறது.