பெருமாளுக்குக் காவல் நின்ற பெருந்தகை
(ஸ்ரீ பிள்ளை லோகாசாரியர் திவ்ய சரித்திரம்)

உபய காவேரி மத்தியில் பூலோக வைகுண்டமாய் விளங்கும் திருவரங்கம் பெரிய கோயிலில், விடியற்காலையில் விச்வரூப சேவை தொடங்கி, பொங்கல், பெரிய அவசரம், க்ஷீரான்னம், இரவில் அரவணை என்று ஒவ்வொரு வேளையும் முறை வழுவாமல் திருவாராதனம் நடந்து வருவதை ஆஸ்திகர்கள் யாவரும் அறிவர். யானையின்மீது தீர்த்தம் வருவதும், பசுவும் யானையும் ஸந்நிதியின் முன் நிற்க வீணாகானத்துடன் பெருமாள் துயிலுணர்வதும், நாள்தோறும் புதிய மண்பானைகளில் தளிகை ஸமர்ப்பிக்கப்படுவதும் கண்கொள்ளாக் காட்சிகளாகும். இவ்வளவு சீரும் சிறப்பும் வாய்ந்த அந்தத் திருக்கோயிலில் உத்ஸவ மூர்த்தியான எம்பெருமான் நாற்பத்தெட்டு ஆண்டுகள் எழுந்தருளியிராத காலமும் ஒன்று இருந்தது. அந்த இருண்ட காலத்தில் எம்பெருமானுடைய திருமேனி நமக்குத் தப்பியது ஒரு மஹாசாரியருடைய தியாகத்தினாலேயாம். அவரே ஸ்ரீ பிள்ளை லோகாசாரியர்.

திருவவதாரம்

பகவத் ராமானுஜருக்குப் பின் தர்சனத்தை நிர்வஹித்து வந்த ஆசாரியர்களுள் நம்பிள்ளை மிகவும் பிரஸித்தி பெற்றவர். அவருடைய ஞானத்தின் பெருமையைக் கண்டு வியந்த கந்தாடை தோழப்பர் அவருக்கு லோகாசாரியர் என்னும் திருநாமத்தை ஸமர்ப்பித்தார். நம்பிள்ளையின் அந்தரங்க சிஷ்யர்களுள் ஒருவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. பகல் முழுவதும் ஆசாரியர் திருவாய்மொழிக்கு அருளிச்செய்த வியாக்கியானத்தைக் கேட்டு, இரவில் அதனை ஓலையில் எழுதி வைத்தவர் இவரே. இன்று ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று நாம் கொண்டாடும் அரும்பொக்கிஷம் அவ்வாறு கிடைத்ததாகும்.

ஆசாரிய கைங்கரியம் ஒன்றிலேயே ஊன்றியிருந்த வடக்குத் திருவீதிப் பிள்ளை இல்லற வாழ்வில் பற்றற்று இருந்தார். இதனை அறிந்த நம்பிள்ளை அவருக்கு நியமித்தருள, ஆசாரியருடைய அநுக்ரஹத்தினால் ஓர் ஐப்பசித் திருவோண நன்னாளில் ஆண்மகவு ஒன்று தோன்றியது. தம் ஆசாரியரின் திருநாமம் விளங்க வேண்டும் என்று அக்குழந்தைக்குப் பிள்ளை லோகாசாரியர் என்று பெயரிட்டார் தந்தையார். பின்னர் அழகிய மணவாளனுடைய அருளால் பிறந்த இளைய குமாரருக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்று திருநாமம் சாற்றப்பட்டது. ஸஹோதரர்கள் இருவரும் விவாஹம் செய்துகொள்ளாமல், நைஷ்டிக பிரஹ்மசாரிகளாகவே வாழ்நாள் முழுவதையும் ஸம்ப்ரதாயத்துக்கு அர்ப்பணித்தனர்.

பதினெட்டு ரஹஸ்யங்கள்

திருமந்திரம், துவயம், சரமசுலோகம் ஆகிய மூன்று ரஹஸ்யங்களின் பொருள் அதுகாறும் ஆசாரிய முகமாகச் சிலருக்கே கிடைத்து வந்தது. வடமொழிப் பயிற்சி இல்லாதவர்களும் பெண்டிரும் உய்யும் வழியை அறிய வேண்டும் என்ற பரம காருண்யத்தினால், பிள்ளை லோகாசாரியர் எளிய மணிப்பிரவாள நடையில் பதினெட்டு நூல்களை அருளிச்செய்தார். அவற்றுள் முமுக்ஷுப்படி, தத்துவத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகிய மூன்றும் தலைசிறந்தவை. பிறவியால் வரும் உயர்வைக் காட்டிலும் பகவத் பக்தியால் வரும் உயர்வே பெரிது என்பதையும், ஆசாரியனுடைய அபிமானமே நம்மைக் கரையேற்ற வல்லது என்பதையும் இவர் தயக்கமின்றி எடுத்துரைத்தார்.

மறைத்து வைக்க வேண்டியவற்றை இவ்வாறு வெளியிடலாமோ என்று சிலர் குறை கூறி, அதனைப் பெருமாள் ஸந்நிதியிலேயே விண்ணப்பம் செய்தனராம். அப்போது பிள்ளை லோகாசாரியர் நீராடச் சென்றிருந்தார். இளையவரான நாயனாரே ஸந்நிதிக்கு வந்து, தமையனார் அருளிச்செய்தவை யாவும் ஆழ்வார்கள் காட்டிய வழியே என்று நிலைநாட்ட, பெருமாளும் திருவுள்ளம் உகந்து ஸஹோதரர்களைக் கௌரவித்தருளினார் என்று பெரியோர்கள் பணிப்பர்.

கோயிலுக்கு அருகே உள்ள காட்டழகிய சிங்கர் ஸந்நிதியே இவர் தம் சிஷ்யர்களுக்கு ரஹஸ்யார்த்தங்களை உபதேசித்த இடமாகும். அது குறித்து ஓர் ஐதிஹ்யம் உண்டு. காஞ்சி பேரருளாளன், மணற்பாக்கத்து நம்பி என்னும் அடியவருக்கு ஸ்வப்நத்தில் சில அர்த்தங்களை உபதேசித்து, மேலும் அறிய வேண்டுமாயின் இரண்டு ஆற்றுக்கு நடுவே சென்று காத்திருக்குமாறு பணித்தான். நம்பியும் திருவரங்கம் வந்து காட்டழகிய சிங்கர் கோயிலில் தனித்திருந்தார். ஒருநாள் அங்கே கூடியிருந்த கோஷ்டியில், தாம் ஸ்வப்நத்தில் கேட்ட அதே அர்த்தங்கள் ஒலிக்கக் கேட்டு மெய்சிலிர்த்து வெளியே வந்து, தேவப்பெருமாளே இவர் என்று தெளிந்து திருவடிகளில் விழுந்தார். பேரருளாளனே பிள்ளை லோகாசாரியராக அவதரித்தான் என்று ஸம்ப்ரதாயத்தார் கொள்வது இதனாலேயாம்.

ஸ்ரீவசனபூஷணத்தில் ஓர் அரிய பொருள் உண்டு. எம்பெருமான் நம்மைக் காப்பவன் என்று எண்ணியிருப்பது பொதுவான நிலை. அவனுடைய வடிவழகையும் மென்மையையும் கண்டு, இவனுக்கு என்ன தீங்கு நேருமோ என்று வயிறுபிடித்து அவனுக்குப் பல்லாண்டு பாடிக் காப்பிடுவது அதனினும் உயர்ந்த நிலை. அந்நிலைக்குப் பெரியாழ்வாரை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார் பிள்ளை லோகாசாரியர். ஏட்டில் எழுதிய அந்தப் பொருளைத் தம் வாழ்விலேயே நடத்திக் காட்ட வேண்டிய காலமும் வந்தது.

கோயிலுக்கு நேர்ந்த கலக்கம்

1311-ஆம் ஆண்டில் மாலிக் காபூர் தலைமையில் வந்த தில்லிப் படையினால் தென்னாடு ஒருமுறை சூறையாடப்பட்டிருந்தது. 1323-ஆம் ஆண்டில் உலூக்கான் தலைமையில் மீண்டும் பெரும்படை தெற்கு நோக்கி வந்தது. கொள்ளிடக்கரையில் பெருமாள் உத்ஸவம் கண்டருளிக்கொண்டிருந்த வேளையில், படை நெருங்கிவிட்டது என்ற செய்தி எட்டியது என்று கோயிலொழுகு கூறும். கூடியிருந்த பாகவதர்கள் கலங்கினர். கோயிலைக் காப்பதா, உத்ஸவத்தை நடத்துவதா, பெருமாளைக் காப்பதா என்று முடிவு செய்ய அவகாசம் இல்லை.

ஸம்ப்ரதாயக் கணக்கின்படி அப்போது பிள்ளை லோகாசாரியர் நூறு பிராயம் கடந்த முதியவர். உயிரினும் இனிய தம்பியாரை முன்னமே பிரிந்து துயருற்றவர். அந்த வயதில் தம்முடைய சரீரத்தைப் பற்றியோ, வாழ்நாள் முழுவதும் வாழ்ந்த திருமாளிகையைப் பற்றியோ அவர் நினைக்கவில்லை. உத்ஸவரான அழகிய மணவாளனை நாச்சிமார்களுடன் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, சில அந்தரங்கர்களுடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டார். மூலவரான பெரிய பெருமாள் ஸந்நிதியின் வாசல் கல்லால் எடுக்கப்பட்டு மறைக்கப்பட்டது. கோயிலில் தங்கி நின்ற பாகவதர்கள் பன்னீராயிரவர் உயிர்நீத்தனர் என்று கூறுவது மரபு. அந்தக் கலக்கத்தினூடே ச்ருதப்ரகாசிகை என்னும் நூலின் ஏடுகளையும், அதன் ஆசிரியரான ஸுதர்சன பட்டரின் இரண்டு குமாரர்களையும் காத்து, மேலை நாட்டுக்கு எழுந்தருளினார் ஸ்ரீ வேதாந்த தேசிகர். பெருமாளை ஒருவரும் சாஸ்திரத்தை ஒருவருமாகக் காத்தளித்த இவ்விரு ஆசாரியர்களுக்கும் ஸ்ரீவைஷ்ணவ உலகம் என்றும் கடமைப்பட்டதாகும்.

காட்டு வழியில் திருவாராதனம்

ராஜோபசாரங்களுடன் திருவீதி உலா வந்த பெருமாள் கல்லும் முள்ளும் நிறைந்த காட்டு வழியே எழுந்தருள நேர்ந்தது. பட்டர்களும் பரிசாரகரும் பணிமாக்களும் சூழ நடைபெற்ற ஆராதனம், இப்போது கிணற்று நீரும் கிடைத்த துளஸியும் கொண்டு நடைபெற்றது. உபசாரங்கள் குறைந்தனவே அன்றி அன்பு குறையவில்லை.

வழியில் கள்வர்கள் எதிர்ப்பட்டனர். பெருமாளுடைய திருவாபரணங்களும் திருவாராதனப் பாத்திரங்களும் பறிபோயின. முன்னே சென்றுகொண்டிருந்த பிள்ளை லோகாசாரியர் செய்தியறிந்து திரும்பி வந்து, தம்மிடத்தில் எஞ்சியிருந்தவற்றையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார் என்பர். பெருமாளுடைய திருமேனிக்குத் தீங்கு நேராதிருந்தால் அதுவே போதும் என்பது அவர் திருவுள்ளம்.

இவ்வாறு நடந்து, மதுரைக்கு அருகே யானைமலையின் அடிவாரத்தில் உள்ள ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்தனர். இன்று கொடிக்குளம் என்று வழங்கப்படுவது இவ்வூரே. அங்கே பெருமாளை மறைவாக எழுந்தருளப் பண்ணித் திருவாராதனத்தை நடத்தி வந்தார். முதுமையும் வழிநடைத் துன்பமும் சேர்ந்து திருமேனி தளர்ந்தது. தம் இறுதி நெருங்குவதை உணர்ந்த ஆசாரியர் இரண்டு காரியங்களைச் செய்தருளினார். பாண்டிய அரசாங்கப் பொறுப்பில் ஈடுபட்டிருந்த திருமலையாழ்வாரை ஸம்ப்ரதாயத்துக்கு மீட்டுக்கொண்டுவர வேண்டும் என்று கூரகுலோத்தம தாஸர் முதலான சிஷ்யர்களுக்குக் கட்டளையிட்டார். பின்னர், சுற்றிலும் இருந்த எறும்பு முதலிய சிற்றுயிர்களையும் செடிகொடிகளையும் தம் திருக்கரத்தால் தீண்டி, அவையும் நற்கதி பெறுமாறு கடாக்ஷித்தருளினார். ஆசாரிய ஸம்பந்தமே உய்விக்கும் என்று எழுதியவர், பேச வாயில்லாத உயிர்களுக்கும் அந்த ஸம்பந்தத்தை அளித்தார். அழகிய மணவாளனுடைய திருமுகத்தைச் சேவித்தபடியே பரமபதம் எழுந்தருளினார். அரங்கநகருக்குத் திரும்பும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

பெருமாள் மீண்டருளியது

அவருக்குப் பின் பெருமாள் அழகர் கோயில், கோழிக்கோடு, திருநாராயணபுரம் முதலிய இடங்களுக்கு எழுந்தருளி, நிறைவில் திருமலையில் பல்லாண்டுகள் தங்கியிருந்தார். விஜயநகர அரசு தெற்கே வலுப்பெற்ற பின், செஞ்சியை ஆண்ட கோபணாரியர் பெருமாளைச் செஞ்சிக்கு எழுந்தருளப் பண்ணி, 1371-ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்வித்தார். இச்செய்தி கோயில் மதிளில் கல்வெட்டாகவும் உள்ளது.

நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறையே மறைந்துவிட்டமையால், எழுந்தருளியவர் பழைய பெருமாள்தாமோ என்ற ஐயம் எழுந்தது. இடைக்காலத்தில் வேறோர் உத்ஸவ மூர்த்தி ஆராதிக்கப்பட்டு வந்தமையும் அதற்குக் காரணம். அப்போது பெருமாளுடைய திருப்பரிவட்டங்களைத் தோய்த்து வந்த ஈரங்கொல்லி ஒருவர், கண்பார்வையிழந்த முதியவராய் இருந்தார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவரிடம் கொடுக்க, முன்பு பழகிய கஸ்தூரியின் மணத்தாலும் சுவையாலும் மீண்டு வந்தவரே நம்பெருமாள் என்று அவர் உறுதி கூறினார். அன்று முதல் அத்திருநாமமே நிலைபெற்றது என்பது கோயில் மரபு. இடையில் ஆராதிக்கப்பட்ட மூர்த்தி திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்துடன் இன்றும் ஸந்நிதியில் எழுந்தருளியிருக்கிறார். பெருமாளைக் காத்தவர் மஹாசாரியர். அடையாளம் காட்டியவர் கண்ணிழந்த ஈரங்கொல்லி. கைங்கரியத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்று பிள்ளை லோகாசாரியர் உபதேசித்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

அவருடைய கடைசிக் கட்டளையும் வீண்போகவில்லை. கூரகுலோத்தம தாஸரால் மீட்கப்பட்ட திருமலையாழ்வாரே திருவாய்மொழிப் பிள்ளை என்று புகழ்பெற்றார். அவருடைய சிஷ்யராய் வந்த மணவாள மாமுனிகள், முமுக்ஷுப்படி, தத்துவத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகிய மூன்றுக்கும் வியாக்கியானம் அருளி அவற்றின் பொருளை உலகறியச் செய்தார்.

ஐப்பசி மாதத்தில் மட்டும் திருவரங்கத்தில் காவேரியிலிருந்து பொற்குடத்தில் திருமஞ்சன தீர்த்தம் வருவது வழக்கம். அந்த மாதத்துத் திருவோணமே இவருடைய திருநக்ஷத்திரமாகும். திருவரங்கம் செல்லும் அன்பர்கள் நம்பெருமாளைச் சேவிக்கும்போதும், மதுரைப் பக்கம் செல்லுங்கால் கொடிக்குளத்தைச் சேவிக்கும்போதும், இந்தத் திருமேனியைத் தோளிலும் நெஞ்சிலும் சுமந்து சென்ற முதியவரை ஒருகணம் நினைப்பார்களாக. உத்ஸவ காலத்தில் நாம் பெருமாளிடம் பல வரங்களை வேண்டுகிறோம். அவற்றோடு, அவன் நீடூழி எழுந்தருளியிருக்க வேண்டும் என்று அவனுக்காகவும் ஒரு பல்லாண்டு பாடுவதே இம்மஹாசாரியருக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.

ஸ்ரீ பிள்ளை லோகாசாரியர் திருவடிகளே சரணம்.