ஆண்டவரே அவரது அரண்



இறைவனை நம்பி வாழ்பவருக்குத் துன்பமே நேராது என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். நம்பிக்கை உள்ளவன் ஒளிவதும் ஓடித் தப்புவதும் விசுவாசக் குறைவே என்று உரைப்போரும் உளர். இவ்விரு சாராரும் நமது நாட்டின் திருத்தூதரான புனித யோசே வாஸ் அடிகளாரின் வாழ்வைச் சற்று உற்றுநோக்குதல் நன்று.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவின் பெனாலிம் என்னும் ஊரில் கொங்கணிக் குடும்பமொன்றில் பிறந்தார், 1676இல் குருவானார். அவரது உள்ளத்தை உறுத்திய செய்தி கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருவொருவருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என்றும் கட்டளையிட்டனர். தேவாலயங்கள் பறிபோயின. குருவின் முகத்தையே காணாத ஒரு தலைமுறை இங்கே வளர்ந்துகொண்டிருந்தது.

1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்ட அடிகளார், தூத்துக்குடியில் குருத்துவ உடையைக் களைந்து கூலியாளின் கந்தையை அணிந்தார். யோவான் என்னும் பணியாளர் மட்டுமே துணை. 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்தியது. எழுந்து நடக்கவும் வலுவின்றிக் கிடந்த அவருக்குப் பெண்மணி ஒருவர் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார் என்பது மரபு. மீட்கவென வந்தவரை முதலில் மீட்டது ஓர் ஏழையின் கஞ்சிக் கலயமே! இறைவனின் பாதுகாப்பு பெரும்பாலும் இவ்வாறுதான் வருகிறது. நாமோ வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உடல் தேறியதும் செபமாலையைக் கழுத்தில் அணிந்தவராய் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்பதைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடையே மறைத்து வைத்தனர். இரவிலே திருப்பலி, இரவிலே ஒப்புரவு, விடியுமுன் வேறொரு வீடு என்று நாட்கள் கழிந்தன. ஊர் விட்டு ஊர் இரவோடிரவாக நடப்பது எத்தகையது என்பதை, போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த உங்கள் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தரின் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்தனர். பலர் சிறைப்பட்டனர், சிலர் கொடிய அடிகளுக்கு உள்ளாயினர். அடிகளாரோ பிடிபடவில்லை. 1690இல் கண்டி அரசின் ஆளுகைக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். இதனைக் கோழைத்தனம் என்று கூறலாகுமா? நாடு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. அவர் அகப்பட்டால் அருளடையாளங்கள் நின்றுவிடும். அடைக்கலம் தந்தோரின் உயிரும் போய்விடும். தமக்காக அன்றி அவர்களுக்காகவே அவர் தப்பினார் என்பதே என் கருத்து.

1692இல் கண்டிக்குச் சென்றவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று பிரெஞ்சுக்காரர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். அடைக்கலம் தேடிச் சென்ற நாட்டிலேயே சிறைவாசம்! அச்சிறையிலிருந்து கொண்டே சிங்கள மொழியைக் கற்றார். நகரில் எஞ்சியிருந்த கத்தோலிக்கரையும் மெல்லமெல்லச் சேர்த்தார். கொடிய வறட்சியின்போது அவரது செபத்தால் மழை பெய்தது என்றும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்கு விடுதலையும் மறைபரப்பும் உரிமையும் அளித்தான் என்றும் மரபு கூறுகின்றது. 1696இல் கோவாவிலிருந்து உதவிக்குருக்கள் வந்து சேரும் வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் தனித்தே உழைத்தார்.

மறு ஆண்டு, 1697இல், கண்டியைப் பெரியம்மை பற்றிக்கொண்டது. மன்னனும் நகரை விட்டு அகன்றான். நோயுற்றோரை அவர்தம் உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். ஒல்லாந்தரிடமிருந்து தப்பியோடிய அதே மனிதர் இப்போது அசையவில்லை! தம் மருமகனாகிய அருட்தந்தை யோசே கர்வாலோவுடன், கைவிடப்பட்டோருக்குக் குடிசை அமைத்தார், உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைப் புதைத்தார். சமயம் எது, சாதி எது என்று வினவவில்லை. நோய் தம்மைத் தொடாது என்று அவருக்கு எவரும் உறுதியளித்திருக்கவில்லை. ஆயினும் அந்நோயாளரை விட்டால் அவர்களுக்கு வேறு யாருமில்லை என்பதை அறிந்திருந்தார். தம்மைப் பற்றிய கவலையை இறைவனிடம் விட்டுவிட்டார்.

கால்நடையாகவே காடும் மலையும் கடந்த அவரது உடல் விரைவில் தளர்ந்தது. 1705இல் வந்த அருட்தந்தை யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றி அவரது பணியைத் தொடர்ந்தார். அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் உயர்த்தினர். அவரை அடக்கம் செய்த கண்டித் தேவாலயம் பின்னாளில் அழிந்தது. அவரது கல்லறை இருந்த இடத்தை இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.