பசி வயிற்றிலா, மூளையிலா? விடை தேடிய டெல்லி எய்ம்ஸ் விஞ்ஞானி பி.கே. ஆனந்தின் கதை

இரவு 11 மணி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் உங்கள் கை உணவு டெலிவரி ஆப்பைத் திறக்கிறது. வாயைக் கட்டத் தெரியலையே என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்க. பசி என்பது மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. மூளை செல்கள் ஓயாமல் பரிமாறிக்கொள்ளும் செய்திகளின் முடிவு அது. இதைப் புரியவைத்த ஆரம்பகால ஆய்வாளர்களில் ஒருவர் டெல்லியைச் சேர்ந்த பால் கிருஷன் ஆனந்த்.

யார் இவர்?

1917-ல் லாகூரில் பிறந்தார் ஆனந்த். மருத்துவம் படித்ததும் அங்கேதான். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியரானார். அங்கிருந்து ஆய்வுக்காக அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சென்றார்.

எலிகள் காட்டிய உண்மை

வயிறு சுருங்குவதால்தான் பசிக்கிறது என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஆனந்தும் ஜான் பிரோபெக்கும் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியை ஆராய்ந்தார்கள். அதன் பக்கவாட்டில், இருபுறமும் மிகச் சிறிய இடத்தைச் சிதைத்ததும் எலிகள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டன. கண்ணெதிரே தீனி இருந்தும் பட்டினி கிடந்தே இறந்தன. ஒருபுறம் மட்டும் சிதைத்த எலிகள் வழக்கம்போலச் சாப்பிட்டன.

1951-ல் வெளியான இந்த ஆய்வு, அந்த இடத்தை 'உணவு மையம்' என்று அடையாளம் காட்டியது.

ரத்தம் கொண்டுவரும் சேதி

அந்த மையத்துக்கு யார் தகவல் சொல்வது? டெல்லி எய்ம்ஸின் உடலியங்கியல் துறையைக் கட்டி எழுப்பிய ஆனந்த், அங்கே இந்தக் கேள்வியைத் தொடர்ந்தார். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடினால் 'போதும்' என்று சொல்லும் பகுதி சுறுசுறுப்பாகிறது, உணவு மையம் அடங்குகிறது என்று அவரது குழு 1962-ல் பதிவுசெய்தது.

மூளைக்குச் சேதி கொண்டுவருவது குளுக்கோஸ் மட்டுமல்ல என்பது பின்னால் தெரியவந்தது. கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் 1994-லும், வயிறு சுரக்கும் கிரெலின் 1999-லும் கண்டறியப்பட்டன. இந்த ஹார்மோன்கள் ரத்தத்தின் வழியே வந்து, நரம்பு செல்களில் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கின்றன. பூட்டுக்குள் சாவி நுழைவது மாதிரி. உடனே அந்தச் செல்லின் மின்துடிப்பு கூடும் அல்லது குறையும். அது அடுத்த செல்லுக்கு நியூரோடிரான்ஸ்மிட்டர் என்ற வேதிப்பொருள் மூலம் சேதியைக் கடத்தும். கிரெலின் பசியைத் தூண்டும், லெப்டின் அடக்கும்.

திருத்தப்பட்ட பாடம்

ஆனந்தின் முடிவு அப்படியே நிலைத்துவிடவில்லை. அவர் சிதைத்த இடத்தின் வழியாக டோபமின் என்ற நியூரோடிரான்ஸ்மிட்டரைச் சுமக்கும் நரம்பிழைகளும் போகின்றன. எலிகள் உணவைத் தொடாததற்கு அவை அறுந்ததும் ஒரு காரணம் என்று 1970-களில் தெரிந்தது. ஆக, பசிக்கென்று ஒரே ஒரு ஸ்விட்ச் கிடையாது. பல பகுதிகள் சேர்ந்த பெரிய வலைப்பின்னல் அது. ஆனால் அதைத் தேட வேண்டிய இடத்தை அவர் சரியாகவே காட்டியிருந்தார்.

ஆனந்த் அத்தோடு நிற்கவில்லை. யோகிகளின் மூளை அலைகளையும் எய்ம்ஸில் பதிவுசெய்தார். காற்றுப் புகாத பெட்டிக்குள் ஒரு யோகியை அமரவைத்து, அவர் உடல் செலவிடும் ஆக்சிஜனை அளந்தார். அதிசயம் என்று கொண்டாடவும் இல்லை, பொய் என்று ஒதுக்கவும் இல்லை. அளந்து பார்த்தார், அவ்வளவுதான். 1963-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும், 1969-ல் பத்மஸ்ரீயும் பெற்ற அவர், 2007-ல் காலமானார்.

உங்களுக்கு இதில் என்ன?

இன்று பரபரப்பாகப் பேசப்படும் உடல் எடைக் குறைப்பு ஊசிகள், குடல் ஹார்மோனைப் போல நடித்து, மூளையின் பசிப் பாதைகளிலும் வேலை செய்கின்றன. உடல் பருமனை மருத்துவர்கள் சோம்பேறித்தனமாகப் பார்க்காமல் நோயாகப் பார்ப்பதற்கு இந்த அறிவியலும் ஒரு காரணம்.

அடுத்த முறை நள்ளிரவில் பசித்தால், உங்களைத் திட்டிக்கொள்ளும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க. கூடவே, பக்கத்தில் இருக்கும் குண்டான நண்பரைக் கிண்டல் செய்யும் முன்பும்.