டான் ஹுவான் மனுவேல்

டான் ஹுவான் மனுவேல் (மே 5, 1282 – 1348) இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதியில் பரவியிருந்த காஸ்டில் இராச்சியத்தைச் சேர்ந்த பிரபுவும் எழுத்தாளரும் ஆவார். இன்று அவர் லூக்கானோர் பிரபு என்னும் கதைத்தொகுப்பின் ஆசிரியராகவே அறியப்படுகிறார். ஆனால் தம் காலத்தில், அரசரையே எதிர்த்துப் போரிடக்கூடிய பெருநிலக்கிழாராக அவர் விளங்கினார். அப்போர்களுள் கடுமையானது அவருடைய மூத்த மகளின் பொருட்டு எழுந்தது.

பிறப்பும் திருமணங்களும்

இவர் தொலேதோவை அடுத்த எஸ்கலோனாவில் பிறந்தார். தந்தை இளவரசர் மனுவேல், அரசர் மூன்றாம் பெர்னாண்டோவின் இளைய மகன். அறிஞர் எனப் புகழ்பெற்ற அரசர் பத்தாம் அல்போன்சோவின் தம்பி. தாய் சவோய் குலத்தைச் சேர்ந்த பீட்ரிஸ். ஹுவானுக்கு ஒரு வயது முடிந்த சில மாதங்களிலேயே, 1283இல், தந்தை இறந்தார். வில்லேனா, பெஞாபியெல் முதலிய பெருநிலங்கள் குழந்தைக்கு உரிமையாயின. சிறுவயதிலேயே தாயையும் இழந்தார்.

அவர் மூன்று முறை மணம் புரிந்தார். முதல் மனைவி மயோர்க்கா அரசரின் மகள் இசபெல். 1299இல் மணந்த இவர் 1301இல் இறந்தார். அடுத்து அரகான் அரசர் இரண்டாம் ஹைமேயின் மகள் கான்ஸ்டன்சாவை 1312இல் மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. இத்திருமணத்தால் வலிமை மிக்க அண்டை நாட்டரசர் அவருக்கு மாமனார் ஆனார். மூன்றாம் மனைவி பிளாங்கா நூஞெஸ், காஸ்டிலின் பெருங்குலங்களுள் ஒன்றான லாரா குலத்தைச் சேர்ந்தவர்.

மகளும் அரசரும்

பதினோராம் அல்போன்சோ குழந்தையாக அரியணை ஏறியதால், அவருக்காக ஆட்சி நடத்திய பாதுகாவலர்களுள் ஒருவராக ஹுவான் மனுவேல் இருந்தார். 1325இல் பதினான்கு வயது நிரம்பிய அரசர் ஆட்சியைத் தாமே ஏற்றார். அதிகாரம் இழந்த ஹுவான் மனுவேல், மற்றொரு பாதுகாவலரான ஒற்றைக்கண் ஹுவான் என்பவருக்குத் தம் மகள் கான்ஸ்டன்சாவை மணம் செய்துதர முற்பட்டார். இவ்விரு பிரபுக்களும் உறவினராவது தமக்கு ஆபத்து எனக் கண்ட அரசர், அப்பெண்ணைத் தாமே மணப்பதாக அறிவித்தார். மகள் அரசியாவாள் என்ற நம்பிக்கையில் தந்தை இணங்கினார். வல்லதோலித் நகரில் 1325இல் மணவொப்பந்தம் நிறைவேறியது. பெண் சிறுமியாதலால் இல்வாழ்க்கை தொடங்கவில்லை.

அது ஒரு சூழ்ச்சியே என்பது விரைவில் தெளிவாயிற்று. 1326இல் ஒற்றைக்கண் ஹுவானைத் தோரோ நகருக்கு வரவழைத்து அரசர் கொல்வித்தார். மறு ஆண்டு கான்ஸ்டன்சாவைத் தள்ளிவைத்து, தோரோ கோட்டையிலேயே சிறைவைத்தார். 1328இல் போர்த்துகல் இளவரசி மரியாவை மணந்தார். ஹுவான் மனுவேலின் மனைவியும் மாமனாரும் இறந்ததும் 1327லேயே ஆகும்.

ஹுவான் மனுவேல் அரசருக்குரிய விசுவாசத்தை முறைப்படி துறந்து போர் தொடுத்தார். 1326இல் குவாதலோர்சே ஆற்றங்கரையில் கிரனாடா முஸ்லிம் அரசின் படையை வென்றவர் அவர். இப்போது அதே கிரனாடாவின் துணையை நாடினார். இறுதியில் உடன்பாடு ஏற்பட்டு மகள் விடுதலை பெற்றாள். எனினும் பகை தீரவில்லை. 1336இல் கான்ஸ்டன்சா போர்த்துகல் இளவரசர் பேத்ரோவுக்கு மணம் செய்துவைக்கப்பட்டபோது, அவள் காஸ்டிலை விட்டுச் செல்வதை அரசர் தடுத்தார். இது இரு நாடுகளுக்கும் இடையே போர் மூள ஒரு காரணமாயிற்று. 1340இல்தான் அவளால் கணவனிடம் சேர முடிந்தது. அங்கும் நிம்மதி கிட்டவில்லை: தோழியாக உடன் சென்ற இனேஸ் தே காஸ்ட்ரோ மீது பேத்ரோ காதல் கொண்டார்.

அரசருடன் சமரசமான ஹுவான் மனுவேல், 1340இல் சலாதோ ஆற்றுப் போரிலும் அதன்பின் அல்ஹெசிராஸ் முற்றுகையிலும் அவருக்காகப் போரிட்டார்.

நூல்கள்

இலத்தீனே அறிஞர் மொழியாக இருந்த காலத்தில் அவர் காஸ்டில் மொழியில் எழுதினார். 1335இல் முடித்த லூக்கானோர் பிரபு நூலில் 51 கதைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பிரபு தம் சிக்கலைக் கூற, பத்ரோனியோ என்னும் ஆலோசகர் கதை வழியாக விடை தருகிறார். தேன்குடத்தைச் சுமந்தபடி பகற்கனவு கண்டு அதை உடைத்த பெண்ணின் கதை, பஞ்சதந்திரத்தில் மாவுப்பானையை உடைத்த பிராமணன் கதையின் வழிவந்தது. பஞ்சதந்திரத்தின் அரபு வடிவம் 1251இலேயே காஸ்டில் மொழிக்குப் பெயர்க்கப்பட்டிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஆடையை நெய்த ஏமாற்றுக்காரர் கதையும் இதில் உண்டு. 1837இல் ஆன்டர்சன் எழுதிய கதையில், தகுதியற்றவருக்கு அந்த ஆடை தெரியாது. ஹுவான் மனுவேலின் கதையிலோ, தந்தைக்கு முறைப்படி பிறக்காதவருக்குத் தெரியாது. பிறப்பே சொத்துரிமையைத் தீர்மானித்த சமூகத்தில் இது கூரிய கிண்டலாகும். இழக்கச் சொத்து ஏதுமில்லாத பணியாள் ஒருவனே அங்கு உண்மையைக் கூறுகிறான்.

படியெடுப்போரின் பிழைகளுக்கு அஞ்சி, தாமே திருத்திய படியைப் பெஞாபியெலில் தாம் நிறுவிய தொமினிக்க மடத்தில் வைத்தார். அப்படி பின்னர் தொலைந்துபோனது. அவரது உடல் அம்மடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

வழித்தோன்றல்கள்

கான்ஸ்டன்சாவின் மகன் முதலாம் பெர்னாண்டோ என்ற பெயரில் போர்த்துகலின் அரசர் ஆனார். மூன்றாம் மனைவியின் மகள் ஹுவானா 1350இல் என்ரிக்கேயை மணந்தார். அவர் கான்ஸ்டன்சாவைச் சிறைவைத்த அதே பதினோராம் அல்போன்சோவுக்கு, லெயோனோர் தே குஸ்மான் என்ற காதலியிடம் பிறந்தவர். என்ரிக்கே 1369இல் தம் மாற்றாந்தாய்ச் சகோதரரான அரசர் பேத்ரோவைக் கொன்று அரியணையைக் கைப்பற்றியதால், அக்காளுக்கு மறுக்கப்பட்ட காஸ்டில் அரசி நிலை தங்கைக்குக் கிடைத்தது. ஹுவானாவின் மகன் முதலாம் ஹுவான், பெர்னாண்டோவின் மகள் பீட்ரிஸை 1383இல் மணந்து போர்த்துகல் அரியணைக்கும் உரிமை கோரினார். 1385இல் அல்ஜுபரோத்தா போரில் தோல்வியுற்றார்.