இரும்புக் கட்டில் பேரரசர்

வியன்னாவில் ஷோன்புருன் என்று ஒரு அரண்மனை இருக்கு. மொத்தம் 1441 அறைகள். 1830 ஆகஸ்ட் 18-ஆம் தேதி அங்கே பிறந்த ஒருவர், 86 வருஷம் கழிச்சு அதே அரண்மனையில்தான் கண்ணை மூடினார். நடுவில் கிட்டத்தட்ட 68 வருஷம் (சரியாச் சொன்னா பதினொரு நாள் கம்மி) ஒரு பேரரசையே ஆண்டார். ஆனா அவர் படுத்துத் தூங்கினது என்னவோ நம்ம ஹாஸ்டல் ரூம்ல கிடக்குமே, அது மாதிரி ஒத்தை இரும்புக் கட்டில்லதான். அவர் பேரு பிரான்ஸ் ஜோசப், ஆஸ்திரியாவின் பேரரசர்.

பட்டுத்துணி, விதானம், செதுக்கு வேலை எல்லாம் வச்ச கட்டில் அரண்மனையில் இல்லாம இல்லை. 1854-ல் எலிசபெத்தை (படங்கள்ல வர்ற அதே சிசிதான்) கல்யாணம் பண்ணினப்போ, ரெண்டு பேருக்கும் சேர்த்து நல்ல கனமான ரோஸ்வுட் சாமான்களோட ஒரு படுக்கையறை தயாரானது. அது ஆரம்ப சில வருஷங்களோடு சரி. அப்புறம் அவர் தன் தனி அறைக்கே போய்விட்டார். அங்கே கட்டில், முகம் கழுவ ஒரு ஸ்டாண்டு, முழங்கால் போட்டு ஜெபம் பண்ண ஒரு பலகை. ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு போதுமோ அவ்வளவுதான்.

சிப்பாய்னு சும்மா சொல்லலை. பெரியப்பா பெர்டினாண்டு பேரரசராக இருந்தார். அவருக்கு உடம்பும் சரியில்லை, பிள்ளையும் இல்லை. அதனால் அம்மா சோபி, மகனைச் சின்ன வயசிலேயே அரியணைக்குத் தயார் பண்ண ஆரம்பிச்சுட்டார். பாடம், மொழிகள், குதிரையேற்றம், டிரில். 13 வயசிலேயே ஒரு குதிரைப்படை ரெஜிமென்டுக்கு கர்னல்! அன்னிக்கு மேல ஏறின ராணுவ உடுப்பு சாகிற வரைக்கும் பெரும்பாலும் இறங்கவே இல்லை. கட்டிலும் அந்த உடுப்போட சேர்ந்ததுதான்.

காலை நாலு மணி, பல நாள் அதுக்கும் முன்னாடியே எழுந்திடுவார். குளிர்ந்த தண்ணீரில் குளியல், ஜெபம். ஐந்து மணிக்கெல்லாம் மேஜையில் ஃபைல். காலைச் சாப்பாடும் அங்கேயே. ராத்திரி ஒன்பதுக்குள் படுக்கை. கேட்கவே நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு: இவர் நாலு மணிக்கு எழணும்னா, எழுப்புறவரும் தண்ணி கொண்டு வர்றவரும் மூணு மணிக்கே எழணும். அவங்களுக்கும் கடினமான கட்டில்தான் இருந்திருக்கும். என்ன, அவங்க அதை ஆசைப்பட்டு எடுத்துக்கலை.

1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. பெரியப்பா விலக, டிசம்பர் 2-ஆம் தேதி 18 வயசுப் பையன் பேரரசர் ஆனார். ஹங்கேரி தனியாகப் போறேன்னு எழுந்தப்போ, அதை அடக்க ரஷ்யாவின் ஜார் முதலாம் நிக்கோலஸ் படை அனுப்பினார். வேடிக்கை பாருங்க, அவரும் அரண்மனைக்குள்ளே ராணுவ மடக்குக் கட்டிலில் படுக்கிற ஆளு. 1855-ல் செத்ததும் அதே மாதிரி கட்டிலில்தான். இந்த ரெண்டு கட்டில்காரர்களும் சேர்ந்து ஹங்கேரியை நசுக்கினாங்க. 1849 அக்டோபர் 6 அன்று ஆராட் ஊரில் ஹங்கேரியப் படையின் 13 தளபதிகளுக்கு மரண தண்டனை. நம்ம பேரரசருக்கு அப்போ வயசு 19.

கடினமான கட்டிலில் படுத்தா நல்ல தளபதி ஆகிடலாமா? 1859-ல் சோல்பெரினோவில் தானே படையை நடத்தினார். தோல்வி, லொம்பார்டி கையை விட்டுப் போச்சு. (அந்தப் போர்க்களத்தில் கவனிப்பாரில்லாமல் கிடந்த காயக்காரர்களைப் பார்த்துத்தான் ஹென்றி டுனாண்டுக்குச் செஞ்சிலுவை யோசனை வந்தது.) 1866-ல் கோனிக்ராட்ஸில் பிரஷ்யாவோட மோதல். பிரஷ்ய வீரன் துப்பாக்கியில் பின்பக்கமாகவே குண்டு போடலாம். தரையில் படுத்தபடியே போட்டுச் சுடலாம். ஆஸ்திரிய வீரனோ எழுந்து நின்னு, குழாய் வாய் வழியா கம்பியால் குத்தி இறக்கணும். அவன் நின்னு முடிக்கிறதுக்குள்ள எதிராளி பல தடவை சுட்டிருப்பான். டிரில், உடுப்பு, ஒழுங்கு எதிலும் குறை இல்லை, டிசைன் பழசு. எனக்கு அவருடைய மொத்த ஆட்சியுமே அந்தத் துப்பாக்கி மாதிரிதான் தோணுது.

நியாயமாச் சொல்லணும்னா, அந்த அடிக்குப் பிறகு கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தார். 1867-ல் ஹங்கேரிக்குத் தனி நாடாளுமன்றம், தனி அரசு. அந்த ஏற்பாடு அவர் காலம் முழுக்கத் தாங்குச்சு.

வீட்டுக்குள் நடந்தது வேற கதை. 1867-ல் தம்பி மாக்ஸிமிலியனை மெக்ஸிகோவில் சுட்டுக் கொன்னாங்க. 1889-ல் ஒரே மகன் ருடால்ப் தற்கொலை. 1898-ல் ஜெனீவாவில் மனைவியைக் குத்திக் கொன்னாங்க. ஒவ்வொண்ணுக்கும் பிறகு அதே கட்டில், அதே நாலு மணி, அதே ஃபைல்கள். சிலருக்கு இது மன உறுதியாகத் தெரியும். வேற எப்படி வாழறதுன்னு அவருக்கு யாருமே சொல்லித் தரலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

1914-ல் சரயேவோவில் அண்ணன்... இல்லை, தம்பி மகன், பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு கொல்லப்பட்டார். ஜூலை 28, பாட் இஷ்ல் மாளிகை. 84 வயசை நெருங்கிட்டிருந்த மனுஷன் மேஜையில் உட்கார்ந்து செர்பியா மேல் போர் அறிவிப்பில் கையெழுத்துப் போட்டார். முதல் உலகப்போர் அங்கே தொடங்குது. அவருடைய வீரர்கள் லட்சக்கணக்கில் மண்ணிலும் பனியிலும் படுத்தாங்க. நிறைய பேர் எழவே இல்லை.

1916 நவம்பர் 21. நல்ல காய்ச்சல். அப்படியும் அன்னிக்குப் பகல் முழுக்க மேஜையில் இருந்தார். சாயந்திரம் கட்டாயப்படுத்திப் படுக்க வச்சாங்க. வேலை பாக்கி இருக்கு, காலையில மூன்றரைக்கு எழுப்பிடணும்னு உதவியாளர்கிட்ட சொல்லிட்டுப் படுத்தார். ராத்திரி ஒன்பது மணி தாண்டி அந்த இரும்புக் கட்டிலிலேயே உயிர் போச்சு.

பாக்கி ஃபைல்கள் அடுத்த பேரரசர் கார்லுக்கு வந்தன. இரண்டே வருஷம். 1918 நவம்பர் 11 அன்று அவர், அரசு விவகாரங்களிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டார், அதே ஷோன்புருன் அரண்மனையில். இரும்புக் கட்டில் இருந்த அறையை இப்போ டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கலாம்.